செத்த உடலை என்ன செய்வது? – ஒரு பழைய கணினி விளையாட்டும் அதற்குப் பின்னால் உள்ள வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். பிள்ளைகளின் கையில் போன் இருக்கும் வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

போன தவணையில் 10 ஆம் தர வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வாங்கில் ஒரு மாணவன் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். கரும்பலகையில் நாம் எழுதியதை அல்ல, வேறு எதையோ. போய்க் கொப்பியைப் பறித்தோம். 80 பக்கக் கொப்பி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு ஐந்து நிரல்கள்: பெயர், எப்படிக் கொல்வது, சாப்பிடலாமா, எவ்வளவு நேரத்துக்குள், எதற்கு உதவும். "பல்லி – கெட்டுப்போகாது – தின்னாதே, பையில் வை" என்று ஒரு வரி. "மம்மி – ஒருபோதும் தின்னாதே" என்று இன்னொரு வரி.

நாம் என்ன செய்தோம்? சிவப்புப் பேனையால் முதல் பக்கத்தில் "வீண் வேலை" என்று எழுதி, கொப்பியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து பாடத்தில் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டான்.

அடுத்த கிழமை அவனுடைய வாப்பா பாடசாலைக்கு வந்தார். "சேர், புள்ள இரவெல்லாம் போனில செத்ததத் தின்னுற கேம் ஒண்டு வெளயாடுறான். கேட்டா இது படிப்பு எண்டு சொல்றான். இது ஹராம் இல்லயா சேர்?" என்று கேட்டார்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எமது வேலை அல்ல, அதை ஹஸ்ரத்மாரிடம் கேளுங்கள் என்றோம். ஆனால் அது என்ன விளையாட்டு, எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். இந்தப் பதிவு அந்த வாக்கின் பலன்தான்.

அந்த விளையாட்டின் பெயர் நெட்ஹேக். நாம் பிறப்பதற்கு முந்தியது. 1987 ஜூலையில் வெளிவந்தது, இன்றும் ஆடப்படுகிறது. இலவசம். விளம்பரம் இல்லை, காசு கட்டிப் பொருள் வாங்கும் வேலையும் இல்லை. படம் கூடக் கிடையாது என்று சொல்லலாம்: ஆடுபவர் மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறி, எதிர்ப்படும் பிராணிகள் ஆங்கில எழுத்துக்கள், தரையில் கிடக்கும் உணவு நூற்றுவீதக் குறி. நிலத்துக்குக் கீழே அடுக்கடுக்காகப் போகும் பாதாளத்தில் இறங்கி, யெண்டோர் தாயத்து என்ற பொருளை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். ஒரு தடவை செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கும் முந்தியது ரோக் என்ற விளையாட்டு. 1980 அளவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மைக்கல் டொய், கிளென் விக்மன் என்ற இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கினார்கள். பிறகு கென் ஆர்னல்ட் சேர்ந்தார். ரோக்கில் பிராணியைக் கொன்றால் அது மறைந்துவிடும். செத்த உடல் என்று எதுவும் மிஞ்சாது. பசித்தால் வழியில் கிடைக்கும் உணவுப் பொதியைத்தான் சாப்பிட வேண்டும்.

அடுத்த கட்டம்தான் எம்மைப் போன்ற ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. 1982 அளவில் மசசூசெட்ஸ் மாநிலத்தின் லிங்கன்-சட்பரி என்ற உயர்நிலைப் பாடசாலையில் ஜே ஃபென்லசன் என்ற மாணவரும் அவருடைய கூட்டாளிகளும் ரோக்கைப் போல ஒன்றைத் தாங்களே எழுதினார்கள். ரோக்கின் மூல நிரல் அவர்களிடம் இருக்கவில்லை. விளையாட்டைப் பார்த்துவிட்டு, தாமாகவே முதலிலிருந்து எழுதினார்கள். அதற்கு ஹேக் என்று பெயர் வைத்தார்கள்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் கணினி எங்கிருந்து வந்தது? அந்தப் பாடசாலையில் பிரையன் ஹார்வி என்ற ஓர் ஆசிரியர் இருந்தார். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் இருந்த யுனிக்ஸ் முறைமையில் இயங்கும் பெரிய கணினி ஒன்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். அதைப் பூட்டி வைக்கவில்லை. பாடசாலை நேரம் முடிந்த பிறகும் மாணவர்கள் அங்கே இருந்து தங்களுக்குப் பிடித்ததைச் செய்ய வழிவிட்டார். விளையாட்டு எழுதியவனிடம் "வீண் வேலை" என்று சொல்லவும் இல்லை. அவர் பிறகு பேர்க்லி பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். இன்று உலகமெங்கும் பிள்ளைகளுக்குக் கணினி நிரலாக்கம் கற்றுக்கொடுக்கும் ஸ்னாப் என்ற மென்பொருளை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

இதை வாசித்தபோது லாச்சிக்குள் கிடந்த கொப்பி எமக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

பாடசாலைப் பிள்ளைகள் எழுதிய ஹேக், கடல் கடந்து நெதர்லாந்துக்குப் போனது. அம்ஸ்டர்டாமில் இருந்த அண்ட்ரீஸ் பிரவுவர் என்ற கணிதவியலாளர் அதைத் திருத்திப் பெருப்பித்து 1984 டிசம்பரில் யூஸ்நெட் என்ற வலையமைப்பில் எல்லோருக்கும் விட்டார். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான வலையமைப்பு அது. அதை எடுத்து ஆளுக்கொரு பக்கமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மாற்றங்களையெல்லாம் மைக் ஸ்டீபன்சன் என்பவர் ஒன்றுசேர்த்து 1987 இல் நெட்ஹேக் என்று வெளியிட்டார். வலையமைப்பு வழியாக, பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் காணாதவர்கள் சேர்ந்து செய்ததால் அந்த "நெட்". 2022 இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை இந்த விளையாட்டைத் தன் சேகரிப்பில் சேர்த்துக் காட்சிக்கு வைத்தது.

சரி, செத்த உடல் விடயத்துக்கு வருவோம்.

ரோக்கில் இல்லாத ஒன்று ஹேக் வழியில் வந்து நெட்ஹேக்கில் பெருத்தது. கொன்ற பிராணியின் உடல் தரையில் கிடக்கும். எப்போதும் அல்ல, பல தடவைகளில். அதை என்ன செய்வது என்பது ஆடுபவரின் பாடு. சும்மா விடலாம், சாப்பிடலாம், டின்னில் அடைக்கலாம், ஆயுதமாகக் கையில் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளைவு உண்டு. மாணவனின் கொப்பியைத் திரும்ப எடுத்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாமும் சில இரவுகள் ஆடிப் பார்த்தோம். 

முதல் விதி நேரம். உடல் பழுதாகும். கொன்று 30 நகர்வுகள் தாண்டினால் யோசி, 50 தாண்டினால் தொடாதே என்பது ஆடுபவர்களின் அனுபவ விதி. பழையதைத் தின்றால் நஞ்சேறிச் சாவு. இதற்கு விலக்கு இரண்டு: பல்லியின் உடலும் லைக்கன் என்ற பாசியின் உடலும் ஒருபோதும் பழுதாகா. அதனால்தான் அவன் "பையில் வை" என்று எழுதியிருந்தான். உடம்பு கல்லாக மாறத் தொடங்கினால் பல்லியைத் தின்றால் அது நின்றுவிடும்.

இரண்டாவது விதி, ஆபத்தும் பயனும் ஒரே இடத்தில் இருக்கும். மிதக்கும் கண் என்று ஒரு பிராணி. அது தானாக எவரையும் தாக்காது. ஆனால் கிட்டப் போய் வாளால் அடித்தால் அதன் பார்வை எம்மை அசையாமல் கட்டிப்போட்டுவிடும். புதிதாக ஆடுபவர்களில் கனபேர் அப்படித்தான் சாகிறார்கள். நாமும் அப்படித்தான் செத்தோம். தூரத்தில் நின்று எறிந்து கொன்று அதன் உடலைச் சாப்பிட்டவருக்கோ, கண் தெரியாத வேளையில் தூரத்துப் பிராணிகளின் மனங்களை உணரும் சக்தி கிடைக்கும். இராட்சதனைத் தின்றால் பலம் கூடும். ஆவியுருவான ரெய்த் என்ற பிராணியைத் தின்றால் ஒரு படி உயரலாம்.

கொக்கட்ரிஸ் என்று சேவலும் பாம்பும் கலந்த ஒன்று. அதன் உடலை வெறுங்கையால் தொட்டால் அந்த இடத்திலேயே கல்லாகிவிடுவோம். கையுறை போட்டுத் தூக்கினால் அதுவே பெரிய ஆயுதம், அடிபடுவதெல்லாம் கல்லாகும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது குழிக்குள் தடுக்கி விழுந்தால், உடல் எம்மேல் பட்டு எம் கதை முடிந்துவிடும். பிறருக்கு வைத்த பொறியில் தானே விழுவது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது விதிதான் அந்த வாப்பாவுக்கு நாம் சொன்னது. விளையாட்டுக்குள்ளும் விலக்கப்பட்டவை உண்டு. மனிதனாக ஆடுபவர் மனித உடலைத் தின்றால் பெரும் தண்டனை, அதிர்ஷ்டம் போய்விடும். நாயையோ பூனையையோ தின்றாலும் தண்டனை. குகை மனிதன் போன்ற ஓரிரு பாத்திரங்களுக்கு மட்டும் விலக்கு. துறவி பாத்திரம் எடுத்தவர் இறைச்சி தின்றால் குற்ற உணர்வு வந்து தரம் குறையும். கடைசிவரை இறைச்சி தொடாமல் ஆடினால் அதையும் விளையாட்டு கணக்கில் வைத்திருந்து முடிவில் சொல்லும். பலிபீடங்களும் கற்பனைத் தெய்வங்களும் கூட அதற்குள் இருக்கின்றன. அவை எமது அகீதாவுக்கு உரியவை அல்ல என்பதை மாணவனிடம் வெளிப்படையாகப் பேசினோம். "தெரியும் சேர், அது கதை. நான் அந்தப் பக்கம் போறல்ல. போகாமலும் வெல்லலாம்" என்றான். அதுவும் ஓரளவு உண்மைதான். பிரார்த்தனையைத் தொடாமலே ஆடி முடிப்பவர்கள் உண்டு.

இவ்வளவையும் பார்த்த பிறகு வரலாறு படிப்பிக்கும் எமக்கு ஒரு கேள்வி வந்தது. இந்தப் பட்டியலை விளையாட்டு எழுதியவர்கள் வானத்திலிருந்து எடுத்தார்களா? இல்லை. பெரும்பகுதி மனிதர் உண்மையாக நம்பியது. நம்பி வாங்கியது, விற்றது, தின்றது.

மம்மியை எடுங்கள். நெட்ஹேக்கில் மம்மியைக் கொன்றால் அதன் உடல் அந்தக் கணமே 100 நகர்வு பழையதாகக் கணக்கிடப்படும். எவ்வளவு விரைவாகத் தின்றாலும் அது நஞ்சுதான். ஆனால் உண்மை உலகில் ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் மம்மியை மருந்தாகத் தின்றார்கள்! 

சொல்லின் வரலாறு எமக்கு நெருக்கமானது. மெழுகைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து அரபில் மூமியா வந்தது. மலையிலிருந்து கசியும் ஒரு வகை நிலக்கீல் அது. இப்னு சீனா உட்பட்ட மருத்துவர்கள் அதை மருந்தாகக் குறிப்பிட்டார்கள். எகிப்தின் பதனிட்ட உடல்களில் கறுப்பாகப் படிந்திருந்த பிசினும் அதைப் போலவே தெரிந்தது. அரபு நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட காலத்தில் இரண்டும் குழம்பின. நிலக்கீலின் பெயர் பிணத்துக்குப் போனது. பிறகு பிசினைச் சுரண்டுவதோடு நிற்காமல் உடலையே பொடியாக்கி மருந்துக்கடையில் விற்கும் நிலை வந்தது.

தேவை கூடினால் கள்ளச்சரக்கும் வரும். 1564 இல் கீ டி லா ஃபொன்டேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அலெக்சாந்திரியாவில் ஒரு வியாபாரியின் களஞ்சியத்தைப் பார்த்தார். அங்கே இருந்தவை பழங்கால எகிப்தியர்களின் உடல்கள் அல்ல, அண்மையில் செத்தவர்களின் உடல்களைப் பதப்படுத்திச் செய்தவை என்று தெரியவந்தது. இதைப் பதிவு செய்தவர் பிரெஞ்சு மன்னர்களின் சத்திரசிகிச்சையாளர் அம்புரோஸ் பாரே. 1582 இல் வெளியிட்ட நூலில் மம்மியும் ஒற்றைக்கொம்பன் கொம்பும் மருந்தே அல்ல என்று எழுதினார்.

ஒற்றைக்கொம்பனும் விளையாட்டில் உண்டு. அதன் கொம்பு நோயையும் குருட்டையும் மயக்கத்தையும் நீக்கும். ஐரோப்பாவிலும் இதையே நம்பினார்கள், நஞ்சை முறிக்கும் என்று சொல்லி அரண்மனைகளுக்குப் பெருவிலைக்கு விற்றார்கள். 1638 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே வோர்ம் என்ற அறிஞர் மண்டையோட்டை ஒப்பிட்டுக் காட்டினார்: அது வடகடலில் வாழும் நார்வால் என்ற திமிங்கிலத்தின் நீண்ட பல். அப்படியும் நம்பிக்கை உடனே சாகவில்லை. அதே நூற்றாண்டில் டென்மார்க் மன்னருக்கு நார்வால் பற்களால் சிம்மாசனம் செய்தார்கள்.

கொக்கட்ரிஸும் அப்படித்தான். சேவல் இட்ட முட்டையிலிருந்து பிறக்கும் என்று நம்பிய காலம் அது. 1474 இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முட்டையிட்டதாக ஒரு சேவலை விசாரித்து எரித்தே விட்டார்கள். 

இனி டிராகன். விளையாட்டில் டிராகனைக் கொன்றால் சில வேளை அதன் செதில் கிடைக்கும். அதைப் போர்த்திக்கொண்டால் நல்ல கவசம். சீனாவில் "டிராகன் எலும்பு" என்று மண்ணிலிருந்து தோண்டிய பழைய எலும்புகளை அரைத்து மருந்தாகக் கொடுத்தார்கள். 1899 இல் வாங் யிரொங் என்ற அறிஞர் அப்படிப்பட்ட சில எலும்புகளில் எழுத்து இருப்பதை இனங்கண்டார். அவை 3000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஷாங் அரச காலத்தின் குறி பார்க்கும் எலும்புகள். சீன எழுத்தின் மிகப் பழைய பெரும் சான்று அதுதான். அதற்கு முன் எத்தனை எலும்புகள் அரைபட்டுக் கசாயமாகப் போயிருக்கும் என்று யோசியுங்கள். ஒரு தேசத்தின் வரலாற்றை அந்தத் தேசத்து மக்களே தெரியாமல் குடித்திருக்கிறார்கள்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அப்துல் லதீஃப் அல்-பக்தாதி (ரஹ்). 1162 இல் பக்தாதில் பிறந்த மருத்துவர், அறிஞர். 1200 அளவில் எகிப்தில் இருந்தார். நைல் நதி பெருகாமல் கொடிய பஞ்சம் வந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். மம்மி உடல்களிலிருந்து எடுத்த கறுப்புப் பொருளை நாட்டுப்புறத்து மக்கள் மிக மலிவாக விற்பதை அவர் கண்டு எழுதிவைத்தார். 

அதே பயணத்தில் இன்னொன்றும் செய்தார். பஞ்சத்தில் இறந்தவர்களின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவர் கெலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டாக எல்லோரும் அதையே ஓதிக்கொண்டிருந்தார்கள். அல்-பக்தாதி 2000 க்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார், பிறரையும் பார்க்க வைத்தார். ஒன்றில் கூட இரண்டு எலும்பு இல்லை. தாடை ஒரே எலும்பு. கெலன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கண்ணால் காண்பது அவருடைய சொல்லைவிட நம்பத்தக்கது என்ற கருத்தில் எழுதினார்.

ஆகவே உறவுகளே, செத்த உடலை மனிதன் மூன்று விதமாகப் பயன்படுத்தியிருக்கிறான். தின்றான். விற்றான். வாசித்தான். தின்றவனுக்கு நஞ்சு மிஞ்சியது. விற்றவனுக்குக் காசு மிஞ்சியது. வாசித்தவனால் எமக்கு அறிவு மிஞ்சியது.

"இதெல்லாம் பழைய காலம் சேர்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எமது நாட்டில் இன்றைக்கும் கஜமுத்து வியாபாரம் நடக்கிறது. யானைத் தந்தத்தின் அடியில் இருந்து எடுப்பது, வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்று சொல்லி விற்கிறார்கள். கஜமுத்துடன் ஆட்கள் கைது என்ற செய்தியைப் பத்திரிகையில் பார்க்காதவர் எம்மில் யார்? இலங்கையில் ஆண் யானைகளிலேயே தந்தமுள்ளவை மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தையும் இந்த நம்பிக்கைக்காகச் சுடுகிறார்கள். 1937 முதல் வனசீவராசிகளைப் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் வாங்க ஆள் இருப்பதால்தான் விற்க ஆள் இருக்கிறது. பணக்கஷ்டம் வந்த வீட்டுக்கு "ஒரு முத்து எடுத்து வையுங்க, எல்லாம் சரியாகும்" என்று யாராவது வந்தால், நம்புபவர்களில் எம்மவர்களும் இருப்பார்கள். ரிஸ்க் தருபவன் அல்லாஹ் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, வெளியில் வந்து யானைப் பல்லில் செல்வம் தேடுவது எவ்வளவு முரண்?

போனில் இல்லாத டிராகனைக் கொல்பவனால் எந்த உயிருக்கும் நட்டம் இல்லை. காட்டில் இருக்கும் யானையைக் கொல்பவனால், அதற்குப் பின்னால் காசு கொடுப்பவனால், படைப்பின் ஒரு பகுதியே அழிகிறது. எதைக் கண்டு நாம் கூடுதலாகப் பதற வேண்டும் என்பதைக் கொஞ்சம் யோசிப்போம்.

இரவெல்லாம் விளையாடியது சரி என்று நாம் சொல்லவில்லை. வாப்பா சொன்னதில் அந்தப் பாதி முழு நியாயம். சுபஹுக்கு எழும்ப முடியாத அளவுக்கு எந்த விளையாட்டும் கூடாது. மாணவனையும் வாப்பாவையும் ஒன்றாக இருத்திப் பேசினோம். பாடசாலை நாட்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மட்டும், போன் இரவில் உம்மாவின் கையில் என்று முடிவாயிற்று. இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். முதல் பக்கத்தில் எமது சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. அழிக்க முடியாது. அதன் கீழே "மன்னிக்கவும். அவசரப்பட்டு எழுதியது. நல்ல அவதானிப்பு" என்று எழுதித் திகதி போட்டோம். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று பணிமனையில் ஒருவர் முகம் சுளித்தார். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் நாம் படித்த காலத்தில், பிள்ளையின் எழுத்தை வாசிக்காமல் புள்ளி போடாதே என்றுதான் சொல்லித் தந்தார்கள். நாம் வாசிக்காமலே தீர்ப்பெழுதியவர்கள். கெலனை வாசித்து எலும்பைப் பார்க்காதவர்களைப் போல.

அடுத்த வரலாற்றுப் பாடத்தில் அவனைப் பேசச் சொன்னோம். மம்மி, ஒற்றைக்கொம்பன், டிராகன் மூன்றையும் பிரித்து மூன்று மாணவர்களுக்குத் தேடக் கொடுத்தோம். ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "சேர், அப்ப எங்கட ஊர்ல பாம்புக்குள்ள இருக்கிற மாணிக்கக்கல் எண்டு சொல்றதும் இப்படித்தானா?" வகுப்பு முழுவதும் ஒரு கணம் அமைதி. அந்தக் கேள்விக்காகவே இந்த வேலை எல்லாம் செய்திருக்கலாம்.

இன்னொரு சங்கதி. நெட்ஹேக்கில் ஆடுபவர் செத்தால், சில வேளைகளில் அவர் செத்த தளம் அப்படியே கணினியில் சேமிக்கப்படும். அந்தக் கோப்புக்குப் பெயரே "எலும்புகள்". அதே கணினியில் பிறகு வேறொருவர் ஆடும்போது அந்த இடத்துக்கு வந்தால், முன்னவரின் பொருட்களைக் காண்பார். எங்கே தவறினார் என்று அறிந்துகொள்ளலாம். இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் இட்சாக் மில்லர் என்ற மெய்யியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். 1994 இல் காலமானார். அவருடைய கூட்டாளிகள் பாதாளத்தின் ஒரு சிற்றூரில் விளக்குக்கடை ஒன்றை வைத்து, கடைக்காரருக்கு இட்சாக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 30 வருடமாக, இருட்டில் இறங்குபவர்கள் அவரிடம் விளக்கு வாங்குகிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எமது ஊர்ப் பாடசாலைகளில் கணினி அறை இல்லாமல் இல்லை. பழைய மாணவர் சங்கங்களும் நலன்விரும்பிகளும் தந்த கணினிகள் பல இடங்களில் உறை போர்த்தபடி இருக்கின்றன. பழுதாகிவிடும் என்ற பயத்தில் பூட்டி வைத்தே பழுதாக்குகிறோம். கிழமையில் இரண்டு நாள், பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம், ஒரு ஆசிரியரோ பெற்றோரோ கூட இருந்து அந்தக் கதவைத் திறந்து வைத்தால் போதும். நாம் இரண்டு நாளுக்கு முன்வந்திருக்கிறோம், அதிபரும் சம்மதித்திருக்கிறார். எம்மோடு இருக்கக்கூடிய பெற்றோர், கணினி தெரிந்த தம்பிமார், தங்கச்சிமார் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.

40 வருடங்களுக்கு முன் ஓர் ஆசிரியர் ஒரு கதவைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவர்கள் எழுதியதன் தொடர்ச்சியை எமது ஊரில் ஒரு பிள்ளை போனில் ஆடிக்கொண்டிருக்கிறான். ஆடுவதோடு நின்றுவிடாமல் எழுதுபவனாகவும் அவன் வரலாம், இன்ஷா அல்லாஹ். கதவின் திறப்பு எம் கையில்தான் இருக்கிறது.